வாட்டிய பெற்றோல்

நல்லமுத்துவுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், மொட்டைப்பாறைத் தோட்டத்து மோட்டார் படகுக்கு அவனை ஓட்டுநராகப் போட்டதே, தோட்டத்தில் தண்ணீர் அனுபவம் உள்ள ஒரே ஆள் அவன்தான் என்ற காரணத்தால். அந்த அனுபவம் என்னவென்றால், ஒரு மழைக்காலத்தில் விறகுக்குப் போனவன் கால் வழுக்கி ஆற்றில் விழுந்தான். ஒரு மரக்கட்டை வந்து அவன் கையில் மாட்டியது. கட்டை அவனை இரண்டு வளைவு இழுத்துக்கொண்டு போய்க் கரையில் தள்ளியது. கட்டை வாய் திறக்காததால் பெருமை முழுவதும் நல்லமுத்துவுக்கே வந்து சேர்ந்தது.

தோட்டத்துக்குப் படகு எதற்கு என்று கேட்கலாம். அறுபதுகளின் நடுவில், ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளத்தை மறித்து மின்சாரத்துக்காக நீர்த்தேக்கம் கட்டினார்கள். தண்ணீர் ஏறி வண்டிப்பாதையை விழுங்கியது, பாலத்தை விழுங்கியது. மின்சாரம் கொழும்புக்குப் போனது, தண்ணீர் மொட்டைப்பாறைக்கு மிஞ்சியது. அக்கரையில் இருந்த ஆசுபத்திரி மட்டும் அப்படியே இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றால் அதன் சிவப்புத் தகரக் கூரையும் வேலியில் காயும் வெள்ளைத் துணியும் நன்றாகத் தெரியும். போய்ச் சேரத்தான் வண்டி போகாத ஒற்றையடிப் பாதையில் மலையைச் சுற்றி அரைநாள் நடக்க வேண்டும்.

போன வருடம் நல்லமுத்துவின் மனைவி பூரணியை அந்த வழியாகத்தான் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை பாதி வழியில் பிறந்தது. மீதி வழிக்கு அது தாங்கவில்லை.  அன்றிலிருந்து நல்லமுத்துவால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. சோற்றை நின்றுகொண்டே தின்பான். கோயிலில் சாமி கும்பிடும்போதும் கால் மாற்றி மாற்றி நிற்பான். இப்போது பூரணிக்கு மறுபடி வயிறு கனத்திருந்தது. அதனால்தான் தண்ணீரைக் கண்டாலே குலை நடுங்குகிறவன், படகு வேலையைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டான். படகுக்காரன் பெண்டாட்டிக்காவது படகு கிடைக்காமலா போகும் என்பது அவன் கணக்கு.

படகு வருவதற்கு முன்பே படகுக் குழு வந்துவிட்டது. தலைவர் தோட்டத்துப் பெரிய துரை. அவருக்கு ஹட்டனில் டென்னிஸ் இருந்தது, நுவரெலியாவில் குதிரை இருந்தது. ஆகவே கூட்டங்களுக்கு அவர் தம் தொப்பியை அனுப்பினார். பங்களாச் சமையற்காரர் அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தலைமை நாற்காலியில் வைப்பார். எல்லோரும் எழுந்து நின்று உட்காருவார்கள். செயலாளர் பெரிய கிளாக்கர் பரமலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். பேனாவைத் திறப்பதற்கு முன் தொப்பியைப் பார்த்து ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வார். தொழில்நுட்ப அங்கத்தவர் டீமேக்கர் முத்துலிங்கம். தேயிலை ருசி பார்ப்பதில் ஹட்டன் வட்டாரத்திலேயே பேர்போன நாக்கு அவருடையது. படகுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

படகோடு இரண்டு துடுப்புகளும் வந்திருந்தன. குழுவின் முதல் கூட்டமே அவற்றைப் பற்றித்தான்.

"இது மோட்டார் போட். இதுக்குள்ள துடுப்பைக் கண்டால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்? எங்களுக்கே இஞ்சினில நம்பிக்கை இல்லையெண்டு நினைக்காதோ?" என்றார் பரமலிங்கம்.

தொப்பி மறுப்புச் சொல்லவில்லை. துடுப்புகள் பங்களாவுக்குப் போய் அடுப்பில் எரிந்தன. படகின் பின்பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் அகலமான பலகை ஒன்றை அறைந்தார்கள். 'இது இயந்திரப் படகு. துடுப்புப் போடுதல் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. உத்தரவுப்படி.' எழுத்து நல்ல எழுத்து. மழைக்கு அழியாத வெள்ளைப் பூச்சு.

இஞ்சினைப் பூட்டிக் கொடுக்க ஹட்டனிலிருந்து சின்னராசா என்ற மெக்கானிக் வந்தார். கயிற்றை இழுத்தார். இஞ்சின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நொண்டியது. ஒரு திருகை உள்ளே தள்ளினார். புகை அடங்கிச் சத்தம் சீராக வந்தது.

"கடல் மட்டத்துக் காத்துக்குத் திருகி வச்ச இஞ்சினுங்க. நம்ம மலையில காத்து லேசு. அதுக்குத் தக்கன பெற்றோலைக் கொறைச்சுட்டேன். பெற்றோலை மட்டும் எப்பவும் மூடி வைங்க. தெறந்து போட்டா அதோட சத்து ஆவியாப் போயிரும், குளிர்ல பத்தாது. பனித்தண்ணி உள்ள எறங்குனாலும் நடுத்தண்ணியில நின்னுரும்."

பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"நீர் குழுவில ஆர்?"

"நான் மெக்கானிக்குங்க."

"அப்ப ஏன் கருத்துச் சொல்லுறீர்? கொம்பனிக்காரன் வைச்ச திருகில கை வைக்க உமக்கு ஆர் அதிகாரம் தந்தது? பழையபடி வையும்."

சின்னராசா பழையபடி வைத்தார். பஸ் ஏறும்போது நல்லமுத்துவிடம், "ஒங்க சம்சாரத்துக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். நல்லமுத்து சொன்னான். அவர் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் படகு புகைந்து புகைந்தாவது ஓடியது. ஒரு காலை, குளிரில் கிளம்பமாட்டேன் என்று அடம் பிடித்தது. கயிற்றை இழுத்து இழுத்து நல்லமுத்துவின் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆயிற்று. வெயில் ஏறின பிறகுதான் கிளம்பிற்று. வேலைக்குப் பிந்தி வருகிறவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. இஞ்சினும் பிந்திவிட்டது. இஞ்சினுக்குக் கூலி கிடையாதாகையால் அரைப்பேர் நல்லமுத்துவுக்கு விழுந்தது. அதோடு, பிந்தும் பழக்கத்தைத் திருத்துவதற்காக இஞ்சினும் தினமும் காலையில் மற்ற ஆட்களைப்போல் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. நல்லமுத்து அதைப் படகிலிருந்து கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவான். கொழுந்துக்காரப் பெண்களுக்கும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர்களுக்கும் நடுவில் அதை நிறுத்துவான். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிடுவார். இஞ்சின் பதில் சொல்லாது. நல்லமுத்து அதன் சார்பில் "இருக்குங்க" என்பான். பிறகு தூக்கிக்கொண்டு கீழே ஓடுவான்.

"அதுக்கு ஒரு கூடையும் இடுப்புல கட்ட ஒரு படங்கும் குடுத்துட்டா மலைக்கு நம்மோட கூட்டிட்டுப் போயிரலாம்" என்றாள் லயத்தில் பக்கத்து அறையான அடுத்த காம்பராவில் குடியிருந்த வேலாயி. அவளும் கர்ப்பிணிதான். பூரணியின் வயிற்றைவிட அவள் வயிறு இரண்டு மூன்று மாதம் இளசு.

பெரட்டுக்கு வந்தும் இஞ்சின் திருந்தவில்லை. அப்போதுதான் குழு பெற்றோலின் மேல் சந்தேகப்பட்டது. சந்தேகம் சரியானதுதான். அதற்குமேல் எதுவும் சரியாக நடக்கவில்லை.

பெற்றோல் நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மொட்டைப்பாறையில் ஒரு பொருளின் தரத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் தெரியும். புதன்கிழமை காலை, கரையோரத்துக் கொட்டகையில் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து பீங்கான் கோப்பைகள் வந்தன. அவற்றை ஏரித் தண்ணீரில் அலசி ஈரத்தோடு வரிசையாக வைத்தார்கள். பீப்பாயைத் திறந்து ஒவ்வொரு கோப்பையிலும் பெற்றோல் ஊற்றினார்கள். கீழே எச்சில் வாளி. தலைமாட்டில் தொப்பி.

முத்துலிங்கம் முதல் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்தார். மூக்கை விட்டார். கரண்டியில் எடுத்து, தேயிலைச் சாயத்தை உறிஞ்சுகிற அதே சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றி வாளியில் துப்பினார். கண்ணில் தண்ணீர் வந்தது. 

"நெறம் பரவாயில்லை. சாயத்துல உடம்பும் இருக்கு. ஆனா பச்சை வாடை தூக்குது. இது வாட்டல் பத்தாத சரக்கு" என்றார் கடைசியில்.

"வாட்டலோ?"

"கொழுந்தைப் பறிச்சதும் அரைச்சுர்றோமா? தட்டுல பரப்பி ஒரு ராத்திரி காத்தாட வாட்டுனாத்தான் மணம் வரும். இதையும் அப்படியே பச்சையா இஞ்சினுக்குக் குடுத்தா அது துப்பாம என்ன செய்யும்?"

தொப்பி உட்பட எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. தரம் பார்த்த பெற்றோலை வீணாக்கக் கூடாது என்று கோப்பைகளில் இருந்ததைத் திரும்பப் பீப்பாயில் ஊற்றினார்கள். கோப்பைகளை அலசின தண்ணீரிலும் பெற்றோல் வாசம் இருந்தது. பரமலிங்கம் சிக்கனமான மனிதர், அதையும் ஊற்றச் சொன்னார். அன்று முத்துலிங்கத்துக்குச் சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்று மனைவி உத்தரவிட்டதாகக் கேள்வி.

அன்று மாலையிலிருந்து பெற்றோல் வாட்டப்பட்டது. கொட்டகையில் தகரத் தட்டுகளைப் பரப்பி, பெற்றோலை மெல்லிசாக ஊற்றினார்கள். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக் கொட்டகைக்குள் புகுந்து தட்டுகளின் மேல் படுத்துத் தூங்கிற்று. காலையில் பெற்றோல் குறைந்திருந்தது, தட்டின் ஓரத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. முத்துலிங்கம் முகர்ந்து பார்த்தார். வாடை பாதியாகக் குறைந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

வாட்டிய பெற்றோலை ஊற்றியதும் இஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. வாட்டல் போதவில்லை என்றார்கள். இன்னும் ஒரு ராத்திரி வாட்டினார்கள். இஞ்சின் ஒரு தரம் இருமியது. முன்னேற்றம் தெரிகிறது என்று பரமலிங்கம் குறித்துக்கொண்டார். அடுத்த புதன்கிழமை இஞ்சின் இருமவே இல்லை. முத்துலிங்கத்தின் நாக்கும் அன்று எதையும் குறை சொல்லவில்லை. பெற்றோலில் பெற்றோல் வாடையே இல்லை என்றும், இது முதல் தரம் என்றும் தீர்ப்பாயிற்று. அந்தச் செய்தி கொழும்புக்குப் போனது.

நல்லமுத்துவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவன் படித்தவனல்ல, மெக்கானிக்கும் அல்ல. இத்தனை பெரிய மனிதர்கள் கூடித் தரம் உயர்த்த உயர்த்தப் படகு ஏன் படுத்துக்கொள்கிறது என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. தன் கையில்தான் ஏதோ பிசகு என்று நினைத்தான். காம்பராவுக்குள் இரண்டு எட்டு முன்னே வைப்பான், இரண்டு எட்டு பின்னே வைப்பான். பூரணி தூங்குகிறாளா என்று குனிந்து பார்ப்பான்.

"நீங்க நடக்கிற நடைக்கு, மலையைச் சுத்தி இந்நேரம் ஆசுபத்திரிக்கே போயிருக்கலாம். வந்து படுங்க" என்பாள் அவள்.

"போட் ஓடலன்னா என்ன புள்ள செய்யிறது?"

அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். போன தடவை என்ன செய்தார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

கொழும்பிலிருந்து அரசாங்க மேலதிகாரி செல்வரத்தினம் ஒரு ஜீப்பில் வந்து இறங்கிய காலையில்தான் பூரணிக்கு வலி கண்டது. முதல்தரப் பெற்றோலுக்குச் சான்றிதழ் வழங்கிப் படகில் ஒரு சுற்று வந்து பார்ப்பது அன்றைய நிகழ்ச்சி. கரையில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பங்களாவிலிருந்து தொப்பி வந்துவிட்டது. வேலாயி பூரணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு இறங்கினாள். நல்லமுத்து கையைப் பிசைந்துகொண்டு பரமலிங்கத்திடம் போனான்.

"ஐயா, வூட்ல வலி கண்டிருச்சுங்க. போட்ல கொண்டுபோய் அக்கரையில விட்டுட்டு வந்துர்றேனுங்க."

"இண்டைக்கோ? சேர் பேசி முடியாமல் போட்டை எடுக்கேலாது." பரமலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்டு. பயணி இல்லாத படகு வடிவில்லை. அவளை ஏத்தி இருத்து. செய்முறைக்குப் பயணியாய் இருக்கட்டும். சேருக்கும் சந்தோசமாய் இருக்கும்."

பூரணி வேலாயியோடு படகில் ஏறிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்வரத்தினம் பேச எழுந்தார்.

"படகு ஓடுது, ஓடேல்லை எண்டு சனம் கதைக்கும். சனத்துக்கு அதுதான் தெரியும். ஆனால் நிர்வாகம் எண்ட கண்ணால பாத்தால், ஓடுறது பெரிய விசயமில்லை. எந்தக் காட்டுப் படகும் ஓடும். ஓடுறதுக்குரிய சகல தகுதியோடையும் ஒரு படகு கரையில நிக்குது பாருங்கோ, அதுதான் நிர்வாகம். நான் எத்தினையோ இடத்தில ஓடுற படகுகளைக் கண்டிருக்கிறன். ஒண்டுக்கும் என்னால சான்றிதழ் குடுக்க முடியேல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சு நீண்டது. நல்லமுத்து படகுக்கும் வாழைமரத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். பூரணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்த இஞ்சின் கெளம்புமா?"

"தெரியல புள்ள."

"அங்க பாருங்க." மரநிழலில் நின்ற ஜீப்பைக் காட்டினாள். "அட்டன்லருந்து இம்புட்டு ஏத்தமும் ஏறி வந்திருக்கு. அதுக்கு ஒரு குழுவும் இல்ல, கோப்பையும் இல்ல."

 நல்லமுத்து அதுவரை ஒரு கொழுந்துகூடக் களவெடுத்தவனல்ல. ஆனால் பூரணியின் முகத்தில் போன வருடத்துப் பாதையைப் பார்த்தான். கொட்டகையில் கிடந்த ரப்பர் குழாயையும் ஒரு தகர டின்னையும் எடுத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் குனிந்தான். வாய் வைத்து உறிஞ்சியதும் தொண்டை எரிந்தது. முத்துலிங்கம் ஐயா இதையா வாரா வாரம் சுழற்றினார் என்று அந்த அவசரத்திலும் அவனுக்கு ஒரு மரியாதை தோன்றியது. படகுத் தொட்டியில் இருந்த முதல் தரத்தைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு, ஜீப்புப் பெற்றோலை ஊற்றினான்.

பேச்சு முடிந்து பெரியவர்கள் ஏறினார்கள். தொப்பிக்குப் பாய் விரித்து இடம் கொடுத்தார்கள். முத்துலிங்கம் மடியில் தேநீர் வார்க்கும் பீங்கான் கேத்தல் ஒன்றை வைத்துக்கொண்டார், அதில் முதல் தரப் பெற்றோல். நல்லமுத்து மனதில் இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனிச் சாமியைக் கும்பிட்டுக் கயிற்றை இழுத்தான். இஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கரும்புகை விட்டாலும் படபடவென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பரமலிங்கத்துக்கே அது எதிர்பாராத விசயம். கீழே விழாமல் பலகைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் அந்த வாட்டின பெற்றோலோ?" என்று செல்வரத்தினம் கத்திக் கேட்டார்.

"ஓம் சேர். மூண்டு ராத்திரி வாட்டினது."

சிவப்புக் கூரை பெரிதாகிக்கொண்டு வந்தது. வேலியில் துணி காயப்போடும் மருத்துவிச்சியின் முகம்கூடத் தெரிந்தது. நல்லமுத்து ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்போது செல்வரத்தினம் கையை உயர்த்தினார். தம் கையாலேயே ஒரு கோப்பை முதல் தரத்தைத் தொட்டியில் வார்த்து விழாவைப் பூர்த்தி செய்யப்போவதாகச் சொன்னார். முத்துலிங்கம் கேத்தலைத் தூக்கினார்.

நல்லமுத்து தொட்டியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"ஐயா, வேணாமுங்க. இப்ப ஓடுறது நம்ம பெற்றோல் இல்லீங்க. ஒங்க ஜீப்புலருந்து எடுத்தேனுங்க. அடிச்சாலும் சரி, பத்துச்சீட்டுக் குடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்புனாலும் சரி. அதை மட்டும் இதுல ஊத்தாதீங்க. இன்னும் கொஞ்ச தூரந்தானுங்க."

செல்வரத்தினம் உயர்த்திய கையை இறக்கினார்.

"அப்ப இந்தப் படகு இப்ப அனுமதியில்லாத பெற்றோலில ஓடிக்கொண்டிருக்குது" என்றார் செல்வரத்தினம்.

"ஓம் சேர், ஓடுது" என்றார் பரமலிங்கம் வெட்கத்தோடு.

"நான் ஏறியிருக்கிற படகு. நான் கையெழுத்து வைச்ச சான்றிதழ். உடனை ஊத்துங்கோ."

கையைப் பிடித்து விலக்கி ஊற்றினார்கள். இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி, நாலைந்து தரம் விக்கி நின்றது. சுற்றிலும் ஒரே அமைதி. அலை படகின் விலாவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்பதான் எல்லாம் ஒழுங்குக்கு வந்திருக்கு" என்றார் செல்வரத்தினம்.

நல்லமுத்து கயிற்றை இழுத்தான், இழுத்தான், கை தோல் உரிய இழுத்தான். இஞ்சின் அசையவில்லை. காற்று ஆசுபத்திரிப் பக்கமிருந்து தோட்டத்துப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. சிவப்புக் கூரை மெல்ல மெல்லச் சிறுக்கத் தொடங்கியது. பூரணி வேலாயியின் தோளைக் கடித்தாள். பரமலிங்கம் பேனாவைத் திறந்து, தொப்பியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"போதிய அங்கத்தவர் இருக்கினம். அவசரக் கூட்டமாய் எடுக்கலாம். முதல் விசயம், இவ்வளவு உயர்ந்த தரத்தைத் தாங்கிற தகுதி இந்த இஞ்சினுக்கு இருக்குதோ எண்டது."

"எனக்கு அப்பவே தெரியும். மட்டமான இஞ்சின். நல்ல தேயிலையைக் கரிப்புடிச்ச பானையில ஊத்துன மாதிரி" என்றார் முத்துலிங்கம்.

"இரண்டாவது விசயம் -"

"ஐயாமாரே." பூரணி பேசினாள். குரல் உயரவில்லை. வலிக்கு நடுவில் மூச்சைப் பிடித்துப் பேசியதால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. "போன புள்ளைய வழியில பறி குடுத்தவ நானு. இதையும் குடுக்க மாட்டேன். நீங்க எதை வேணும்னாலும் எழுதிக்குங்க. ஆளுக்கு ரெண்டு கை சும்மா இருக்கு, அதைத் தண்ணியில போடுங்க."

துடுப்புப் போடுதல் தடை என்று பரமலிங்கம் சொல்ல வாயெடுத்தார். சொல்லிக்கொண்டே பலகையைக் காட்டுவதற்காகத் திரும்பினார். பலகை அங்கே இல்லை. நல்லமுத்து அதைக் கம்போடு பிடுங்கியிருந்தான். 'முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது' என்ற பக்கத்தைத் தண்ணீரில் முக்கி, முட்டி போட்டு, ஒரே மூச்சில் தள்ளினான். நல்ல அகலமான பலகை. படகு ஒரு முழம் முன்னால் போனது.

ஒரு பக்கம் மட்டும் தள்ளியதால் படகு வட்டம் போட்டது. மறுபக்கத்துக்கு ஏதாவது வேண்டும். வேலாயி பாயில் இருந்த தொப்பியை எடுத்து, "புடிங்க" என்று செல்வரத்தினத்தின் கையில் திணித்தாள். எதையும் கையில் கொடுத்தால் வாங்கிப் பழகிய மனிதர் அவர், வாங்கிக்கொண்டார். துரையின் தொப்பி தடித்த நெட்டித் தொப்பி. தண்ணீரை நன்றாக வாரியது. குழு அமைந்த நாளிலிருந்து தலைவர் செய்த முதல் வேலை அதுதான். முத்துலிங்கம் கேத்தலாலும், பரமலிங்கம் வேறு வழியில்லாமல் வெறுங்கையாலும் தள்ளினார்கள். இது துடுப்புப் போடுவதாகாது, தண்ணீரை அப்புறப்படுத்துவது என்று பரமலிங்கம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கரை தட்டியதும் நல்லமுத்து பூரணியை அள்ளிக்கொண்டு தண்ணீரில் குதித்தான். தண்ணீர் அவன் இடுப்பளவு இருந்தது. நீச்சல் தெரியாதவன் என்பது அவனுக்கு நினைவு வந்தபோது ஆசுபத்திரிப் படியில் நின்றுகொண்டிருந்தான்.

பெண் குழந்தை. பிறந்ததும் போட்ட சத்தத்தில் வராந்தாவில் ஈரக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நல்லமுத்து சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான். போன வருடத்து அழுகையும் அதில் சேர்ந்திருந்தது.

களவுக்கு என்ன தண்டனை என்றுதானே கேட்கிறீர்கள்? தண்டனை இல்லை. ஜீப்புப் பெற்றோலில் படகு ஓடியது என்று ஒப்புக்கொண்டால் சான்றிதழ் பொய்யாகிவிடும். ஆகவே படகு முதல் தரத்தில்தான் ஓடியது, ஜீப்பிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை, எடுக்காததற்குத் தண்டனையும் கிடையாது. கர்ப்பிணி ஒருத்தியைப் பத்திரமாகக் கரைசேர்த்த சேவை என்று கொழும்புக்கு எழுதினார்கள். செல்வரத்தினம் புறப்படும்போது ஜீப்பில் பெற்றோல் குறைவாக இருக்கவே, பரமலிங்கம் அன்போடு முதல் தரத்தால் நிரப்பிக் கொடுத்தார். ஜீப் இரண்டாம் வளைவில் படுத்துவிட்டது. கவ்வாத்துக்காரர்கள் ஹட்டன் பாதை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அரசாங்க ஜீப்புகளின் தரம் போதாது என்று அவர் மேலிடத்துக்கு எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

இனி வேலாயியின் முறை. அவள் வயிறு இறங்கிக்கொண்டு வந்தது. படகு கரையில் எல்லாத் தகுதிகளோடும் நின்றது. நல்லமுத்துவின் கால் மறுபடி தரையில் பாவவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பூரணி அவனுக்கு ஒரு யோசனை சொன்னாள். அடுத்த புதன்கிழமை அவன் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றான். புதுத் தொப்பி நாற்காலியில் இருந்தது.

"ஐயா, அன்னைக்கு நான் பலகையைப் புடுங்குனது பெரிய தப்புங்க. ஒரே ஒரு பலகை பின்னால இருந்ததாலதான் அந்தத் தப்பு வந்துச்சு. கண்ணு முன்னால இருந்தா கை துணிஞ்சிருக்காது. அதனால போட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை போட்டுக் குடுத்தா புண்ணியமாப் போவுமுங்க."

பரமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. விதியை நேசிக்கும் ஒரு தொழிலாளியை அவர் தம் உத்தியோகத்தில் இதுவரை சந்தித்ததில்லை.

"எப்படிப்பட்ட பலகை வேணும்?"

"தண்ணியில ஊறாத மரமா இருந்தா நல்லதுங்க. காம்பு ஆள் உயரத்துக்கு நீளமா இருந்தா தூரத்துல வர்றவங்களுக்கும் தெரியும். அகலம் ரெண்டு சாண் போதும். கையில எடுத்து ஆட்களுக்குக் காட்டுறதுக்குத் தோதா, காம்பை வழவழன்னு சீவிக் குடுத்தீங்கன்னா நல்லதுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஸ்டோர்த் தச்சர் நல்ல மரம் பார்த்துச் செய்தார். 'துடுப்புப் போடுதல் முற்றாகத் தடை' என்று இரண்டிலும், இரண்டு பக்கமும், அழியாத வெள்ளையில் எழுதினார்கள்.

வேலாயிக்கு வலி கண்டது ஒரு புதன்கிழமை காலை. கொட்டகையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. முத்துலிங்கம் உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தார். நல்லமுத்து அவளை ஏற்றினான். பூரணி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கூட ஏறினாள். நல்லமுத்து இரண்டு அறிவிப்புகளையும் கையில் எடுத்தான்.

படகு போவதைப் பரமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு பலகைகளும் ஒரே சீராக எழும்பி, எழுத்துத் தெரிய மின்னி, மறுபடி தண்ணீருக்குள் இறங்கின. இவ்வளவு வேகமாக அந்தப் படகு போனதை அவர் கண்டதில்லை. தொப்பியின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டு, இஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, வாட்டலின் அருமை இதுதான் என்றார்.